காதுக்கு எட்டாத அயலார்: தாழ் அதிர்வெண் ஹாம் பேண்டுகளில் மோர்ஸும் டிஜிட்டலும் இடம் பிரித்துக்கொள்வது எப்படி?

உரிமம் பெற்று, பொழுதுபோக்காக ரேடியோவில் தொடர்புகொள்பவர்களே ஹாம்கள். தாழ் அதிர்வெண்ணில் அவர்களுக்கு 630 மீட்டர், 2200 மீட்டர் என்று இரண்டு பேண்டுகள், அதாவது அதிர்வெண் துண்டுகள், உண்டு. இரண்டிலும் ஒரே வழக்கு ஓய்ந்தபாடில்லை. மோர்ஸ் தட்டுபவர்கள், "டிஜிட்டல்காரர்கள் யாரும் கேட்டுப் பார்க்காமலே டிரான்ஸ்மிட் செய்கிறார்கள்" என்கிறார்கள். டிஜிட்டல் மோட்களில் இயங்குபவர்கள், "கால் மணி நேரமாக வாங்கிக்கொண்டிருந்த சிக்னலின் தலைமேல் வந்து தட்டிவிட்டுப் போகிறார்கள்" என்கிறார்கள். இரு தரப்பு சொல்வதும் உண்மைதான். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லாமலே இந்த மோதல் நடக்கிறது. புதிதாக வருபவர்களைக் குழப்புவதும் இதுதான். காரணம் புரிய வேண்டுமானால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

## இருக்கும் இடம் எவ்வளவு?

அதிர்வெண் குறையக் குறைய அலையின் நீளம் கூடும். 475 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 630 மீட்டர். 136 கிலோஹெர்ட்ஸில் 2200 மீட்டர். பேண்டுகளின் பெயர் அப்படி வந்ததுதான்.

2007இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான துண்டை ஹாம்களுக்கு ஒதுக்கியது. 2012இல் அதே நகரில் கூடிய அடுத்த மாநாடு 472 முதல் 479 வரை கொடுத்தது. முதலாவதன் அகலம் 2.1 கிலோஹெர்ட்ஸ், இரண்டாவதன் அகலம் 7 கிலோஹெர்ட்ஸ். அவ்வளவுதான் மொத்த இடமே.

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதற்கு ஒரு கணக்கு. ஹாம்கள் குரலில் பேசப் பயன்படுத்தும் எஸ்எஸ்பி என்ற முறையில் ஒரு சிக்னல் 2.4 முதல் 2.7 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் பிடிக்கும். ஆக 630 மீட்டரில் இரண்டு குரல் உரையாடல்கள் நடந்தால் பேண்டு நிரம்பிவிடும். 2200 மீட்டரில் ஒருவர் வாயைத் திறந்தாலே பேண்டுக்கு வெளியே வழியும்.

இடத்தோடு திறனும் குறைவு. 2200 மீட்டரில் ஆன்டெனாவிலிருந்து உண்மையில் கதிர்வீச்சாகப் போகும் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது. 630 மீட்டரிலும் பொது வரம்பு 1 வாட். குறிப்பிட்ட சில நாடுகளின் எல்லையிலிருந்து 800 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இடங்களில் அந்தந்த அரசு 5 வாட் வரை அனுமதிக்கலாம். டிரான்ஸ்மிட்டரில் எத்தனை வாட் போடுகிறோம் என்பது வேறு கணக்கு. 630 மீட்டருக்குக் கால் அலை நீளக் கம்பம் என்றால் 158 மீட்டர் உயரம் வேண்டும். 2200 மீட்டருக்கு 550 மீட்டர். வீட்டுத் தோட்டத்தில் 12, 15 மீட்டருக்கு மேல் யாரால் நிறுத்த முடியும்? அலை நீளத்தோடு ஒப்பிட்டால் அது முளைக்குச்சி. உள்ளே போகும் திறனில் பெரும்பகுதி காயிலிலும் தரையிலும் வெப்பமாகவே போய்விடுகிறது. நூறு வாட் போட்டு ஒரு வாட் வெளியே வந்தால் அது நல்ல ஆன்டெனா.

போதாததற்கு, தாழ் அதிர்வெண்ணில் இரைச்சல் அதிகம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இடிக்கும் மின்னல்கூட ரிசீவரில் படபடவென்று வெடிக்கும். பக்கத்து வீட்டு எல்இடி விளக்கின் பவர் சப்ளை இரவெல்லாம் உறுமும். இந்த இரைச்சலின் அடியில் கிடக்கும் சின்னஞ்சிறு சிக்னலைத் தேடி எடுப்பதுதான் இந்தப் பேண்டுகளின் வேலையே.

## "மோட்" என்பது என்ன?

செய்தியை எந்த வடிவத்தில் அலையின் மேல் ஏற்றுகிறோம் என்பதே மோட். பங்கீட்டைப் பொறுத்தவரை ஒவ்வொரு மோட்டிலும் மூன்றைப் பார்க்க வேண்டும்: எவ்வளவு அகலம் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அந்தப் பக்கம் அதைக் கேட்பது காதா கணினியா.

1. கை மோர்ஸ். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் ஒரு புள்ளி பத்தில் ஒரு விநாடி நீளும். 100 ஹெர்ட்ஸ், தாராளமாகப் போனால் 200 ஹெர்ட்ஸ் அகலம் போதும். கேட்பது காது.

2. மெது மோர்ஸ். ஹாம்கள் இதை கியூஆர்எஸ்எஸ் என்பார்கள். "மெதுவாக அனுப்பு" என்பதற்கு மோர்ஸ் வழக்கில் கியூஆர்எஸ் என்ற குறி உண்டு. அதோடு இன்னொரு எஸ் சேர்த்தால் "மிக மெதுவாக". இதில் ஒரு புள்ளி 3 விநாடி, 10 விநாடி, ஏன் 60 விநாடிகூட நீளும். காதால் படிக்க முடியாது. கணினித் திரையில் கோடுகளாக ஓடும் நீர்வீழ்ச்சிப் படத்தில் கண்ணால் படிப்பார்கள்.

3. விஸ்பர். எழுத்துகளாக டபிள்யூஎஸ்பிஆர். துடிப்பு விண்மீன் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் உருவாக்கியது, 2008இல் வந்தது. அழைப்புக்குறி, இருப்பிடம், திறன் மூன்றையும் 50 பிட்டுகளில் சுருக்கி, 6 ஹெர்ட்ஸ் அகலத்தில் 110.6 விநாடி அனுப்பும். உரையாடல் கிடையாது, "நான் இங்கே இருக்கிறேன்" என்ற அறிவிப்பு மட்டும். கேட்பது கணினி.

4. எஃப்டி8. 2017இல் வந்தது. 50 ஹெர்ட்ஸ் அகலம், 15 விநாடி முறை. இருவரும் மாறி மாறி அனுப்பி ஓரிரு நிமிடத்தில் ஒரு தொடர்பை முடித்துவிடலாம்.

5. எஃப்எஸ்டி4, எஃப்எஸ்டி4டபிள்யூ. 2021இல், முக்கியமாக இந்தத் தாழ் பேண்டுகளை மனத்தில் வைத்தே வெளியிடப்பட்டவை. இரண்டாவதில் ஒரே அறிவிப்பை அரை மணி நேரம் நீட்டி அனுப்பும் வகையும் உண்டு. அதன் அகலம் 0.36 ஹெர்ட்ஸ்தான்.

## மெதுவாகச் சொன்னால் ஏன் தூரம் போகிறது?

இரைச்சல் பேண்டு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ரிசீவரின் வடிகட்டியை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோமோ அவ்வளவு இரைச்சல் உள்ளே வரும். சிக்னல் ஒடுங்கியதாக இருந்தால் வடிகட்டியையும் ஒடுக்கலாம். சிக்னல் அப்படியே நிற்க, இரைச்சல் குறையும். ஆனால் ஒடுங்கிய சிக்னல் வேகமாக மாற முடியாது. வேகத்தை விட்டுக்கொடுத்தால்தான் அகலம் குறையும்.

"சிகியூ" என்பது யாரையும் பொதுவாக அழைக்கும் குறி. மோர்ஸில் அந்த இரண்டு எழுத்தும் இடைவெளியும் சேர்ந்து 27 புள்ளி நீளம். 12 சொல் வேகத்தில் இதை அனுப்ப 2.7 விநாடி. 3 விநாடிப் புள்ளியில் 81 விநாடி. 60 விநாடிப் புள்ளியில் 27 நிமிடம்! இன்னும் அழைத்தவர் பெயரே வரவில்லை.

பத்தில் ஒரு விநாடியிலிருந்து 3 விநாடிக்குப் போனால் வேகம் 30 மடங்கு குறைகிறது. வடிகட்டியையும் 30 மடங்கு ஒடுக்கலாம். ஏறத்தாழ 15 டெசிபெல் லாபம். திறனை 30 மடங்கு கூட்டியதற்குச் சமம், ஒரு வாட்கூடக் கூட்டாமல்.

## மோதல் எங்கிருந்து வருகிறது?

ஹாம் ரேடியோவின் முதல் ஒழுக்கம், டிரான்ஸ்மிட் செய்யும் முன் கேள் என்பது. அதிர்வெண் காலியாக இருந்தால் அழைக்கலாம். யாராவது இருந்தால் தள்ளிப் போக வேண்டும். நூறாண்டாகப் பேண்டுகளை ஓரளவு ஒழுங்காக வைத்திருப்பது இந்த வழக்கம்தான். தாழ் பேண்டுகளில் இதுவே கைவிடுகிறது. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. சிக்னலின் பலத்தை ஒப்பிட 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலை அளவுகோலாக வைப்பது வழக்கம். பழகிய மோர்ஸ் காது, அந்த இரைச்சலைவிடச் சுமார் 15 டெசிபெல் கீழே இருக்கும் சிக்னல் வரை பிடிக்கும். விஸ்பர் நிரல் ஏறத்தாழ 31 டெசிபெல் கீழே இருப்பதையும் பிடிக்கும். அரை மணி நேர எஃப்எஸ்டி4டபிள்யூ ஏறத்தாழ 45 டெசிபெல் வரை போகிறது. அதாவது காதால் கேட்கக்கூடிய ஆகக் குறைந்த சிக்னலில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

2. எனவே மோர்ஸ்காரர் காதைத் தீட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டாலும், அங்கே ஒரு கணினி வாங்கிக்கொண்டிருக்கும் சிக்னல் அவருக்குக் கேட்கப் போவதில்லை. அவர் அளவில் இடம் காலி. நேர்மையாகக் கேட்டுவிட்டுத்தான் தட்டுகிறார்.

3. மறுபக்கம், விஸ்பர் நிலையங்கள் பெரும்பாலும் ஆளில்லாமல் ஓடுகின்றன. கடிகாரம் இரட்டைப்படை நிமிடத்தைத் தொட்டதும் டிரான்ஸ்மிட்டர் திறக்கும். அதே இடத்தில் யாராவது மோர்ஸில் பேசிக்கொண்டிருந்தால் நிரலுக்குத் தெரியாது; அது பார்ப்பதும் இல்லை. மோர்ஸ்காரரின் குறையில் முழு நியாயம் இருக்கும் இடம் இது.

4. மூன்றாவது பாதிப்பு பலர் கவனிக்காதது. டிஜிட்டல் நிலையத்தின் ரிசீவர் வழக்கமாக 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தைத் திறந்து வைத்திருக்கும். அந்த அகலத்துக்குள் இருக்கும் சிக்னல்களைக் கணினி பிரித்தெடுக்கும். அதே அகலத்துக்குள், பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு மோர்ஸ் நிலையம் பலமாகத் தட்டினால், ரிசீவரின் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு பயந்து ஒலியைக் குறைத்துவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் மற்ற சிக்னல்கள் அமுங்கி எழும். மோர்ஸ்காரர் ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளியே இருந்தாலும் இது நடக்கும். இந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஒலியைக் கையால் குறைத்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இது வாங்குபவரின் பொறுப்பு, அனுப்புபவருடையது அல்ல.

5. டிஜிட்டல் மோட்களில் பிழை திருத்தும் குறியீடு உண்டு. 110 விநாடி விஸ்பரில் சில விநாடிகள் பழுதானால் தாங்கும். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் சிக்னலுக்குத் தாங்கும் திறனும் மிச்சமிருக்காது. அரை மணி நேரச் சிக்னல் வீணானால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் அரை மணி காத்திருக்க வேண்டும். அதற்குள் இரவின் நல்ல நேரம் கடந்திருக்கலாம்.

இவற்றில் இரண்டாவதுதான் வேர் என்பது என் கணிப்பு. கேட்க முடியாத அயலாருக்கு இடம் விட வேண்டுமானால், அவர் எங்கே இருப்பார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பேண்டு திட்டம் என்று ஒன்று தேவைப்படுவது அதனால்தான்.

## சட்டம் எது, உடன்பாடு எது?

பேண்டின் எல்லை, திறன் வரம்பு இரண்டும் சட்டம். மீறினால் உரிமம் போகலாம். பேண்டுக்குள் எந்த மோட் எங்கே என்பது பெரும்பாலான நாடுகளில் உடன்பாடு மட்டுமே. சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முதல் மண்டலம், அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவது, இந்தியாவும் இலங்கையும் அடங்கியது மூன்றாவது.

முதல் மண்டலத்தின் திட்டத்தில் 630 மீட்டர் இப்படிப் பிரிகிறது: 472 முதல் 475 வரை மோர்ஸ் மட்டும், 200 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள். 475 முதல் 479 வரை மோர்ஸும் டிஜிட்டலும். விஸ்பருக்கு 475.6 முதல் 475.8 வரை 200 ஹெர்ட்ஸ் சந்து வழக்கத்தில் நிலைத்துவிட்டது. 2200 மீட்டரில் துண்டு போட இடமே இல்லை. 200 ஹெர்ட்ஸுக்கு மேற்படாத மோர்ஸ், மெது மோர்ஸ், ஒடுங்கிய டிஜிட்டல் ஆகியவை மட்டும் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டார்கள். அங்கே விஸ்பர் 137.4 முதல் 137.6 வரை.

இந்த இரண்டு பேண்டுகளிலும் ஹாம்கள் இரண்டாம் நிலைப் பயனர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் உரிமையுள்ள சேவைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. அமெரிக்காவில் மின்வாரியங்கள் உயரழுத்தக் கம்பிகள் வழியாகவே இதே அதிர்வெண்களில் கட்டுப்பாட்டுச் சிக்னல் அனுப்புவதால், 2017இல் அங்கே பேண்டு திறந்தபோது, ஹாம்கள் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு 30 நாள் பொறுக்க வேண்டும், அத்தகைய கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் ஆன்டெனா இருக்கக் கூடாது என்று விதித்தார்கள்.

## டயல் காட்டும் எண்ணை நம்பலாமா?

சற்று மேலே, 160 மீட்டரிலும் 40 மீட்டரிலும் இதே பங்கீடு வேறு வடிவில் இடறுகிறது. இந்தியாவில் 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள 40 மீட்டரில் இயங்கும் யாருக்கும் இது நேரடியாகப் பொருந்தும்.

10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே குரலுக்குக் கீழ்ப்பக்கப் பட்டையைப் பயன்படுத்துவது ஹாம் வழக்கம். அதாவது டயல் காட்டும் எண்ணுக்குக் கீழே சிக்னல் விழும். எஃப்டி8 போன்றவற்றுக்கு எங்குமே மேல்ப்பக்கப் பட்டை. டயலுக்கு மேலே விழும். இரண்டும் எதிரெதிர்த் திசை.

160 மீட்டரில் எஃப்டி8க்கு டயல் 1840. உண்மையில் அது பிடிப்பது 1840 முதல் 1843 வரை. ஒருவர் குரலில் பேச டயலை 1843இல் வைக்கிறார். அவர் குரல் விழுவது 1840.3 முதல் 1842.7 வரை. டயல் எண்களில் மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதாகத் தோன்றும். காற்றில் ஒருவர் மேல் ஒருவர் அப்படியே படுத்திருப்பார்கள். இத்தனைக்கும் முதல் மண்டலத் திட்டம் கீழ்ப்பக்கப் பட்டைக் குரலுக்கு அனுமதிக்கும் மிகத் தாழ்ந்த டயல் எண்ணே 1843தான். திட்டத்தைப் பார்த்து நடந்தவரும் மோதுகிறார்.

40 மீட்டரில் எஃப்டி8 டயல் 7074. பிடிக்கும் இடம் 7074 முதல் 7077 வரை. குரல் டயல் 7078இல் இருந்தால் குரல் 7075.3இலிருந்து 7077.7 வரை விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 7074.3க்கும் 7079.7க்கும் இடையில் எங்கே வைத்தாலும் உரசும். 7080க்கு மேலே போனால் இருவருக்கும் நிம்மதி.

அமெரிக்காவில் 160 மீட்டர் முழுவதிலும் மோர்ஸ், குரல், டிஜிட்டல் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் செய்யச் சட்டம் இடம் தருகிறது. அங்கே ஒழுங்கைக் காப்பது வழக்கம் ஒன்றே.

## நேரத்தையும் பிரிக்கலாம்

அகலத்தை மட்டுமே பிரிக்க முடியும் என்பதில்லை. 630 மீட்டர் பேண்டின் பக்கத்து வீடு 500 கிலோஹெர்ட்ஸ். கப்பல்களின் மோர்ஸ் அபாய அழைப்பு அதிர்வெண். 600 மீட்டர் அலை என்று அழைக்கப்பட்ட இதில்தான் 1912இல் டைட்டானிக் உதவி கேட்டது. பின்னாளில் இந்த அதிர்வெண்ணுக்கு ஓர் ஏற்பாடு வந்தது: ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரையும், 45இலிருந்து 48 வரையும் எல்லாக் கப்பல்களும் கை எடுத்துவிட்டுக் கேட்க மட்டும் வேண்டும். கப்பலின் ரேடியோ அறைக் கடிகாரத்தின் முகத்திலேயே அந்த மூன்று நிமிடத் துண்டுகள் இரண்டும் சிவப்பில் தீட்டியிருக்கும். நிமிட முள் சிவப்பைத் தொட்டால் பேச்சு நிற்கும். எங்கோ மூழ்கிக்கொண்டிருக்கும் படகின் பலவீனமான சிக்னலுக்காக, பலமான எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். 1999 பிப்ரவரியில் செயற்கைக்கோள் சார்ந்த புதிய ஏற்பாடு முழுமையாக நடைமுறைக்கு வந்ததோடு இந்த மோர்ஸ் காவலும் முடிந்தது.

விஸ்பரின் உள்ளமைப்பில் இதன் சாயல் இருக்கிறது. எல்லா நிலையங்களும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றும். ஒரு நிலையம் வழக்கமாக ஐந்தில் ஒரு முறைதான் அனுப்பும். எது அந்த ஒன்று என்பதை நிரல் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். மீதி நான்கிலும் கேட்கும். 200 ஹெர்ட்ஸ் சந்தில் 6 ஹெர்ட்ஸ் வீதம் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் பக்கம் பக்கமாக நிற்கலாம். நேரமும் சேர்ந்து பிரிவதால் அதைப் போலப் பல மடங்கு நிலையங்கள் ஒரே சந்தில் பிழைக்கின்றன. ஒருவரையொருவர் காதால் கேட்காதவர்கள் முட்டிக்கொள்ளாமல் வாழ இதுவரை கண்டதில் மிக நல்ல வழி இது.

## பெயரால் பிரிப்பதா, அகலத்தால் பிரிப்பதா?

"மோர்ஸுக்கு இவ்வளவு, விஸ்பருக்கு இவ்வளவு என்று சட்டமாகவே எழுதிவிட்டால் என்ன?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. உடன்பாட்டை மீறுபவரைத் தட்டிக் கேட்க ஆளில்லை என்ற ஆதங்கத்தில் வரும் கேள்வி அது. ஆதங்கம் சரி, தீர்வு சரியில்லை.

2200 மீட்டர் ஒதுக்கப்பட்ட 2007இல் விஸ்பர் இல்லை. 630 மீட்டர் ஒதுக்கப்பட்ட 2012இல் எஃப்டி8உம் எஃப்எஸ்டி4உம் இல்லை. அன்றைக்கு இருந்த மோட்களின் பெயரைச் சட்டத்தில் எழுதியிருந்தால், இன்று இந்தப் பேண்டுகளில் மிகத் தொலைவு போகும் மோட்களுக்கு உட்கார இடமே இருந்திருக்காது. ஒன்றியத்தின் திட்டங்கள் அகலத்தை முன்வைத்து எழுதப்பட்டிருப்பது இந்த வகையில் நல்ல முடிவு: 200 ஹெர்ட்ஸுக்குள் அடங்கினால் உள்ளே வா, பெயர் எதுவானாலும் சரி.

அகலம் மட்டும் போதாது என்பதும் உண்மை. 100 ஹெர்ட்ஸ் மோர்ஸும் 0.36 ஹெர்ட்ஸ் எஃப்எஸ்டி4டபிள்யூவும் இரண்டுமே "200 ஹெர்ட்ஸுக்குள்" என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஒன்றைக் காது கேட்கிறது, மற்றதைக் கேட்பதில்லை. ஆகவே காதால் கேட்பவர்களுக்கு ஒரு பக்கம், கணினியால் கேட்பவர்களுக்கு ஒரு பக்கம் என்ற கோடு மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். 630 மீட்டரில் 475 என்ற கோடு அந்த வேலையைத்தான் செய்கிறது. கோட்டுக்கு மேலே மோர்ஸுக்கும் இடம் உண்டு என்று திட்டம் சொன்னாலும், 475.6 முதல் 475.8 வரை தட்டாமல் இருப்பதே முறை. அதேபோல ஆளில்லா நிலையம் எதுவும் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

630 மீட்டரில் முதன்முறையாக இயங்கப் போகிறவர் செய்ய வேண்டியவை:

1. மோர்ஸ் தட்டுவதானாலும் முதலில் நீர்வீழ்ச்சிப் படத்தைத் திறந்து பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். காதுக்கு வெறும் இரைச்சலாக இருக்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று நேராக இறங்கிக்கொண்டிருக்கலாம். அது யாரோ ஒருவரின் சிக்னல்.

2. கணினியின் கடிகாரம் இணையத்தோடோ ஜிபிஎஸ்ஸோடோ ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு விநாடி பிசகினாலே தன் சிக்னலை மற்றவர்களால் பிரிக்க முடியாமல் போகும்.

3. விஸ்பரை ஓடவிட்டுத் தூங்கப் போகிறவர் ஐந்தில் ஒன்று என்ற அளவை ஏற்றக் கூடாது.

4. அரை மணி நேர மோட்டுக்குப் போகும் முன் டிரான்ஸ்மிட்டரின் நிலைப்பை அளக்க வேண்டும். சிக்னலின் அகலமே 0.36 ஹெர்ட்ஸ் என்கிறபோது, அறை குளிர்ந்து, அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகம் அரை ஹெர்ட்ஸ் நழுவினால்கூட மறுமுனையில் எதுவும் பிரியாது. பேண்டின் ஒரு கோட்டை அரை மணி பிடித்து வைத்ததுதான் மிச்சமாகும். ஜிபிஎஸ்ஸில் கட்டிய ஆசிலேட்டர் இல்லாதவர்களுக்கு இரண்டு நிமிட வகையே ஏற்றது.